சிப்டியூன்: ஒரு சில்லை வீணையாக மீட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பரண்களில் பர்மாத் தேக்குப் பெட்டகம், எனாமல் தூக்குவாளி, ஓடாத வால்வு ரேடியோ ஆகியவற்றோடு இன்னொரு பொருளும் சில நேரம் கிடக்கிறது. 1990களில் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த உறவினரின் பெட்டியில் இறங்கியதாகவோ, மதுரைக் கடையில் வாங்கியதாகவோ இருக்கும் அந்த டிவி கேம் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே பெரும்பாலும் ஒரு பச்சைப் பலகையும் அதன் நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் பிசின் துளியுமே தென்படும். அந்தப் பொட்டுக்குள் ஐந்து குரல்கள் உள்ள ஓர் இசைக்கருவி உறங்குகிறது என்பதைக் காரைக்குடியில் வளர்ந்த நான் முப்பது வயதுக்குப் பின்னரே அறிந்தேன். அதை எழுப்பி வாசிப்பது எப்படி, அதற்குமுன் எதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும், நம்முடைய தாளத்தையும், சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகத்தையும் அதில் ஏற்றும்போது எங்கே இடறும் என்பவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. இசைப் பயிற்சி கட்டாயமில்லை. ஆனால் சரளி வரிசை பழகியவர்களுக்கு இரண்டு படிகள் மிச்சமாகும்.

முதற்படி: எது சிப்டியூன், எது அன்று

கணினி, டிவி கேம் முதலியவற்றில் ஒலியைப் பதிவுசெய்து ஒலிக்காமல், ஒரு சிறு சில்லு (சிப்) அந்தந்த நொடியிலேயே அலைகளை உருவாக்கி ஒலிக்கும் முறையில் அமைந்த இசையே சிப்டியூன். கேசட்டில் பாடகரின் குரல் இருக்கிறது; ஆனால் டிவி கேமின் கேசட்டில் இசை என்று எந்த ஒலியும் இல்லை, எந்த நேரத்தில் எந்தக் குரல் எந்தச் சுரத்தை எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கின்றன. அதாவது அது ஒலிப்பதிவு அன்று, சுரக்குறிப்பு. வாசிப்பவர் உள்ளே இருக்கும் சில்லு.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் இன்று இணையத்தில் உலவும் பலவற்றைப் பிரித்தறியலாம். ஒரு திரைப்பாடலை எடுத்து, அதன் ஒலித்தரத்தை வேண்டுமென்றே குறைத்து, ‘8 பிட் வடிவம்’ என்று பெயரிட்டு வெளியிடுவது சிப்டியூன் ஆகாது. அது ஈரமான கண்ணாடி வழியே பழைய படத்தைப் பார்ப்பது போன்றது. மேலும் 8 பிட் என்பது அந்தக் காலக் கணினியின் மையச் செயலகத்தைக் குறிக்கும் சொல்லே தவிர, ஒலியின் தரத்தைக் குறிப்பதன்று. நம் டிவி கேம் பெட்டியின் சதுர அலைக்கு உள்ள ஒலியளவுப் படிகள் வெறும் 16, அதாவது 4 பிட் மட்டுமே.

இரண்டாம் படி: வரலாற்றைக் காதால் படித்தல்

வரலாற்றைப் படித்துவிட்டுக் கேட்பதைவிட, கேட்டுக்கொண்டே படிப்பது நல்லது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இணையத்தில் எளிதில் கிடைக்கிறது.

தொடக்கத்தில் கணினியை இசைக்கருவியாக எவரும் வடிவமைக்கவில்லை. மான்செஸ்டரில் இருந்த ஃபெராண்டி மார்க் 1 என்ற அறை நிறையும் கணினியில், கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் எழுதிய நிரல் மெட்டுகளை ஒலித்தது. 1951இல் பிபிசி அதைப் பதிவும் செய்தது. அந்தப் பதிவின் நடுவில் இயந்திரம் இடறி நிற்பதையும், அருகில் இருப்பவர்கள் சிரிப்பதையும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஏசி என்ற கணினியும் அதே காலத்தில் பாடியது, ஆனால் அன்றைய பதிவு எதுவும் எஞ்சவில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டு. அதில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் இறங்குமுகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. எதிரிகள் நெருங்க நெருங்க அவற்றின் காலம் துரிதமாகிறது. பிற்கால விளையாட்டு இசை முழுவதும் இந்த ஒரு யோசனையிலிருந்து கிளைத்தது என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் ஆடுபவரின் நாடித்துடிப்போடு இசை பேச முடியும் என்று காட்டியது அதுவே.

1982இல் வந்த கமடோர் 64 கணினியோடு கதை திசை மாறுகிறது. அதில் இருந்த சிட் என்ற ஒலிச் சில்லை வடிவமைத்த பாப் யான்னஸ், விளையாட்டுக்கான பீப் ஒலியை அல்ல, உண்மையான சிந்தசைசரையே ஒரு சில்லுக்குள் அடைக்க விரும்பினார். மூன்று குரல்கள், ஒவ்வொன்றுக்கும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, துடிப்பு அலை, இரைச்சல் என நான்கு வடிவங்கள், இவற்றோடு ஒரு வடிகட்டி என்று அமைந்த அந்தச் சில்லு, அக்கால வீட்டுக் கணினிகளில் தனித்து நின்றது. வடிகட்டியின் அளவு சில்லுக்குச் சில்லு மாறியதால் ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகக் கேட்டது என்பது ஒரு குறைபாடுதான். ஆனால் ஒரே ஆசாரி செய்த இரண்டு வீணைகளும் ஒரே நாதம் தருவதில்லை என்று அறிந்த நமக்கு அது விந்தையாகத் தோன்றாது. இங்கிலாந்தின் ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே ஆகியோர் இந்த மூன்று குரல்களில் எழுதியவற்றை நிதானமாகக் கேளுங்கள். ஒரே குரல் ஒரு கணம் முரசாகவும் அடுத்த கணம் அடித்தள சுரமாகவும் மாறுவதை முதல் முறை கவனிக்க முடியாது. மூன்றாம் முறை கேட்கும்போது பிடிபடும்.

ஜப்பானில் 1983 ஜூலையில் ஃபாமிகாம் என்ற டிவி கேம் பெட்டி வெளிவந்தது. அதன் ரிகோ நிறுவனச் சில்லில் ஐந்து குரல்கள் இருந்தன. கோஜி கோண்டோ 1985இல் சூப்பர் மாரியோவுக்கு அமைத்த மெட்டு உலகறிந்தது. அதே இயந்திரத்தில் ஹிரோகாசு தனாகா 1986இல் மெட்ராய்டு விளையாட்டுக்கு அமைத்த இசையோ மெட்டைத் தவிர்த்து, மௌனத்தையும் அச்சத்தையும் கொண்டு எழுதப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வரம்பு என்பது நடையைத் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும்.

நம்மூருக்கு வந்தவை இந்த ஃபாமிகாமின் நகல்களே. தைவானின் யுஎம்சி நிறுவனம் முதலியவை இதற்கான நகல் சில்லுகளைச் செய்தன. அதே யுஎம்சி செய்த இன்னொரு பொருளும் நம் வீடுகளுக்குள் நுழைந்தது: யுஎம்66 என்ற மூன்று கால் சில்லு. பார்ப்பதற்கு ஒரு டிரான்சிஸ்டர் போலிருக்கும் அதற்குள் 64 சுரங்களுக்கு இடமுண்டு. பாடும் வாழ்த்து அட்டை, அழைப்பு மணி, பொம்மை போன்றவற்றில் அது பாடியது. ஆத்தங்குடிச் சாலையில் பின்னோக்கி வரும் வண்டி பாடும் மெட்டு, சீரியல் விளக்கோடு சேர்ந்து வரும் கீச்சுப் பாட்டு, 2000இல் வந்த நோக்கியா 3310 போனில் விசை விசையாக அழுத்தி ஏற்றிய ரிங்டோன் ஆகிய அனைத்தும் சிப்டியூனின் ஒன்றுவிட்ட உறவுகளே. பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறை இந்த இசைக்குள் வாழ்ந்திருக்கிறது.

ஒரு விந்தை இங்கே இருக்கிறது. சிப்டியூன் என்ற பெயர் இந்தச் சில்லுகள் கோலோச்சிய காலத்தில் பரவியதன்று. 1985இல் வந்த அமிகா கணினி பதிவுசெய்த ஒலித்துண்டுகளை நான்கு தடங்களில் ஒலிக்கக்கூடியது. அதற்காக ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987இல் அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். வயலினையே பதிவுசெய்து ஒலிக்க முடிந்த அந்த இயந்திரத்தில், சிலர் வேண்டுமென்றே சில பத்து எண்களே கொண்ட குட்டி அலைகளைச் சுழலவிட்டுப் பழைய சில்லின் ஓசையை உண்டாக்கினார்கள். கோப்பு மிகச் சிறியதாக அமைய வேண்டும் என்பது அவர்களது தேவை. அந்தச் சிறு கோப்புகளுக்குத்தான் சிப்டியூன் என்ற பெயர் முதலில் நிலைத்தது. அதாவது, கட்டாயமாக இருந்த வரம்பு விருப்பமாக மாறிய இடத்தில் இந்தக் கலைக்குப் பெயர் பிறந்தது.

மூன்றாம் படி: ஐந்து குரல்களை அறிதல்

எந்தச் சில்லில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை ஃபாமிகாம்தான். பரணில் கிடக்கும் பெட்டி அதன் வழிவந்தது என்பது ஒரு காரணம், அதன் குரல்கள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடுவது இன்னொரு காரணம்.

முதல் இரண்டு குரல்கள் துடிப்பு அலைகள். அலை மேலே நிற்கும் நேரத்துக்கும் கீழே நிற்கும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் நாதம் மாறும். பாதிக்குப் பாதியாக, அதாவது 50 சதவீதமாக வைத்தால் கிளாரினெட் போன்ற உள்ளீடற்ற ஓசை வரும். 25 சதவீதத்தில் ஓசை தடிக்கும். 12.5 சதவீதத்தில் மூக்கால் பாடுவது போன்று மெலிந்து கூர்மையாகும். 75 சதவீதம் என்ற நான்காவது அமைப்பும் உண்டு, ஆனால் காதுக்கு அது 25 சதவீதத்தைப் போலவே கேட்கும். நகல் சில்லுகள் பலவற்றில் 25, 50 ஆகிய இரண்டும் இடம் மாறிப் போயிருந்தன. சிறுவயதில் நம் பெட்டியில் கேட்ட மாரியோவும், இப்போது எமுலேட்டரில் (பழைய பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்) கேட்கும் மாரியோவும் வேறு நிறத்தில் ஒலிப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அது நினைவின் மயக்கமாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குரல் முக்கோண அலை. புல்லாங்குழலின் தாழ்ந்த சுரம் போல மென்மையானது. பெரும்பாலும் அடித்தளத்துக்குப் பயன்படுவது. இதற்கு ஒலியளவே கிடையாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. இதன் சுருதியை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் விரைந்து இறக்கினால் தவிலின் தொப்பிப் பக்கத்தை நினைவூட்டும் ஓர் அடி கிடைக்கும். நான்காவது குரல் இரைச்சல். நீண்ட சுழற்சியில் மழையோசை போலவும், குறுகிய சுழற்சியில் உலோகம் போலவும் ஒலிக்கும். ஜால்ராவுக்கு இரண்டாவதே உதவும். ஐந்தாவது குரல் ஒலித்துண்டை ஒலிப்பது. அதன் அளவு அதிகபட்சம் 4081 பைட்டுகள். உயர்ந்த தரத்தில் வைத்தால் அது ஒரு நொடிக்குக்கூடப் போதாது. தொடங்குபவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நலம், ஏனெனில் கையில் ஒலித்துண்டு கிடைத்தவுடன் மற்ற நான்கு குரல்களையும் பழகும் பொறுமை போய்விடுகிறது.

வீணையில் நான்கு மீட்டும் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் உள்ளன. காரைக்குடி சகோதரர்கள் என்று அறியப்பட்ட சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் அந்த ஏழு தந்திகளைக் கொண்டே ஒரு பாணியை நிறுவினார்கள் என்பதை எண்ணும்போது, ஐந்து குரல்கள் குறைவு என்ற முறையீடு எனக்குச் செல்லுபடியாவதில்லை.

நான்காம் படி: டிராக்கரும் தாளமும்

இசையை எழுதப் பயன்படும் மென்பொருளுக்கு டிராக்கர் என்று பெயர். எதுவும் நிறுவாமல் சும்மா பழகிப் பார்க்க, உலாவியிலேயே இயங்கும் பீப்பாக்ஸ் போதும்; கைப்பேசியிலும் ஓடும். முறையாகக் கற்க ஃபர்னஸ் என்ற இலவச, திறமூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் அது, பல பத்துச் சில்லுகளைப் போன்று ஒலிக்கவல்லது. புதிய கோப்பைத் தொடங்கும்போது இயந்திரங்களின் பட்டியலில் என்இஎஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபாமிகாமின் அமெரிக்கப் பெயர் அது.

திரையில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகள் தெரியும். ஒவ்வொரு பத்தியும் ஒரு குரல். ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு கண நேரம். வரிசையில் சுரம், கருவி எண், ஒலியளவு, கட்டளை ஆகியவற்றை நிரப்புகிறோம். விசைப்பலகையின் கீழ்வரிசை எழுத்துகள் ஒரு ஸ்தாயியாகவும் மேல்வரிசை எழுத்துகள் அடுத்த ஸ்தாயியாகவும் ஒலிக்கும். இப்படி நிரப்பிய ஒரு தொகுதிக்குப் பேட்டர்ன் என்று பெயர். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, அதன் அறைக்கு ஒரு நிறமாகச் சாயக் கலவையை ஊற்றி ஒரு தரைக் கல்லை வார்ப்பார்கள். பிறகு அந்தக் கற்களை அடுக்கியே பட்டாலை முழுவதும் கோலம் விரியும். பேட்டர்னும் அப்படியே. வார்ப்பது ஒரு வேலை, எந்த வரிசையில் பதிப்பது என்பது வேறொரு வேலை. டிராக்கரில் இரண்டுக்கும் தனித்தனிப் பலகங்கள் உள்ளன.

இங்கேதான் முதல் கவனம் தேவைப்படுகிறது. புதிய கோப்பில் ஒரு பேட்டர்னுக்கு 64 வரிசைகள் இருக்கும். ஓர் எண்ணிக்கைக்கு 4 வரிசை என்று கொண்டால், ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகள் 32 வரிசைகளில் அடங்கும். 64இல் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, சரியாக அமரும். ஆனால் மிசிர சாபு போன்ற 7 எண்ணிக்கைத் தாளத்தை அதே 64இல் திணித்தால் கடைசியில் எட்டு வரிசைகள் துருத்திக்கொண்டு நிற்கும். பேட்டர்னின் நீளத்தை 56 என்று மாற்றிவிட வேண்டும். கண்ட சாபுக்கு 40. மூன்று மூன்றாகப் போகும் திசிர நடைக்கு எண்ணிக்கைக்கு 3 வரிசை வைத்து, இரண்டு ஆவர்த்தனத்துக்கு 48 வரிசை என்று அமைக்கலாம். 64 என்பது விதியன்று, பழக்கம் மட்டுமே.

காலப்பிரமாணத்தை மென்பொருளில் வேகம் என்ற எண் தீர்மானிக்கிறது. இயந்திரம் நொடிக்கு 60 முறை துடிக்கிறது. வேகம் 6 என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் 6 துடிப்புகள், ஆகவே நொடிக்கு 10 வரிசைகள். எண்ணைக் கூட்டினால் நடை மெதுவாகும் என்பது முதலில் குழப்பும், பழகிவிடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையை ஒட்டி வந்த பெட்டிகள் நொடிக்கு 50 முறையே துடித்தன. பரண் பெட்டியில் பழைய விளையாட்டுகளின் இசை சற்றுச் சோம்பலாக ஒலித்ததற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் படி: முதல் மெட்டு

முதல் மெட்டாகத் தாலாட்டைத் தேர்ந்தெடுங்கள். செட்டிநாட்டுப் பெண்கள் பாடிவந்த தாலாட்டுகள் குறைந்த சுரங்களில், குறுகிய எல்லைக்குள் நகர்பவை. சில்லுக்கு அது மிகவும் பொருந்தும். உங்கள் வீட்டுப் பாட்டி அல்லது ஆச்சி பாடிய மெட்டு நினைவிருந்தால் அதையே எழுதுங்கள். நினைவில்லாதவர்கள் மோகனத்தின் ஐந்து சுரங்களில், திசிர நடையில், நான் அமைத்த இந்த ஆவர்த்தனத்தைக் கொண்டு தொடங்கலாம்:

க , ரி | ஸ , , | ரி , க | ப , , | த , ப | க , , | ரி , க | ஸ , ,

ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு காற்புள்ளியும் ஒரு வரிசை. காற்புள்ளி உள்ள வரிசையை வெறுமையாக விட்டால் முந்தைய சுரம் நீளும். ஸட்ஜத்தை நான்காம் ஸ்தாயியில் மேற்கத்திய சுரமான சி-யில் வையுங்கள். அப்போது ரி, க, ப, த ஆகியவை டி, இ, ஜி, ஏ ஆகும். வேகத்தை 18 என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 எண்ணிக்கைகள் வரும். தொட்டில் ஆடுவதற்கு அது போதும்.

இப்படியே ஒலித்துப் பார்த்தால் வண்டி ஹாரன் போலத்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம். முதலில் கருவியின் ஒலியளவுப் பட்டியலைத் திறந்து 15, 12, 10, 8, 7, 6, 5, 4 என்று இறங்குமாறு எழுதினால், ஊதுவது போலிருந்த சுரம் மீட்டியது போல ஆகிவிடும். அடுத்து, இதே மெட்டை இரண்டாம் துடிப்புக் குரலில் ஒரு வரிசை தள்ளி, பாதி ஒலியளவில் எழுதினால், வளவு வைத்த வீட்டின் உள்முற்றத்தில் நின்று பாடுவது போன்ற எதிரொலி கிடைக்கும். சில்லில் எதிரொலி என்ற வசதியே இல்லை. இது முழுக்க முழுக்க ஏமாற்று வேலை. சிப்டியூன் கலைஞரின் திறமை பெரும்பாலும் இத்தகைய ஏமாற்று வேலைகளில்தான் இருக்கிறது.

அவற்றில் புகழ்பெற்றது ஆர்பெஜியோ. பூச்சியத்தில் தொடங்கும் கட்டளையில் 4, 7 என்று எண்களைக் கொடுத்தால், அந்தக் குரல் மூல சுரம், அதிலிருந்து நான்காவது அரைச்சுரம், ஏழாவது அரைச்சுரம் மூன்றையும் நொடிக்கு 20 முறை சுழற்றும். காது மூன்றையும் ஒன்றாகக் கேட்டதாக நம்பிவிடும். ஐரோப்பியச் சிப்டியூனின் அடையாளமான அந்தத் தத்தளிக்கும் ஓசை இப்படித்தான் பிறந்தது. தாலாட்டுக்கு அந்த இணைச்சுரக் கூட்டு ஒட்டாது என்பது என் கருத்து. ஆனால் 7, 12 என்று கொடுத்தால் ஸ, ப, மேல் ஸ மூன்றும் சுழலும். பதினாறின் அடிப்படையில் எண்ணும் டிராக்கரில் 12 என்பதை சி என்ற ஆங்கில எழுத்தால் எழுத வேண்டும். 12.5 சதவீதத் துடிப்பில், ஒலியளவை 2 அல்லது 3இல் அடக்கி வைத்தால், தம்புராவின் ரீங்காரமான ஜீவாரியை எட்டிப் பார்க்கும் ஒரு சுருதி உங்களுக்குக் கிடைக்கும். அதற்கு இரண்டாம் துடிப்புக் குரல் தேவைப்படும் என்பதால் எதிரொலியைத் துறக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. நான் எப்போதும் தம்புராவையே வைத்துக்கொள்கிறேன்.

ஆறாம் படி: கமகம்

சில்லுக்குச் சுரங்கள் படிக்கட்டுகள். நமக்கோ சுரங்களுக்கு இடையில் உள்ள வழியே இசை. இந்த முரணைத் தீர்க்காமல் எழுதும் மோகனம் மேற்கத்திய ஐந்து சுர மெட்டாகவே ஒலிக்கும், ஆகவே இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள்.

ஜாரு எளியது. 3 என்று தொடங்கும் கட்டளை முந்தைய சுரத்திலிருந்து புதிய சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். எண்ணைக் கூட்டினால் விரைவாக, குறைத்தால் இழுத்து. மேலே தந்த மெட்டில் ‘ரி , க | ப’ என்ற இடத்தில் ப-வுக்கு மட்டும் இதை இட்டுக் கேளுங்கள். ஸ்புரிதத்துக்கு ஒரே சுரத்தை இரண்டு முறை எழுதி, இடையில் கீழ்ச்சுரத்தை ஒரு துடிப்பு நேரம் மட்டும் தொட்டுச் செல்லுமாறு கருவியின் ஆர்பெஜியோ பட்டியலில் எழுதலாம்.

சுரத்தை அசைக்கும் கம்பிதம்தான் கடினம். 4 என்று தொடங்கும் அதிர்வுக் கட்டளை அதற்கு என்றே அமைந்தது போலத் தோன்றும். ஆனால் அது சுரத்தின் மேலும் கீழும் ஒரே அளவில் இயந்திரத்தனமாக ஆட்டும். தோடியின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடி, தன் இடத்தில் நிற்காமலே தன்னை உணர்த்துவது. அதை 3ஆம் கட்டளையைக் கொண்டு ரி, ம, ரி, ம என்று ஒவ்வொரு வரிசையாகக் கையால் எழுதுவதே வழி. வரிசைகள் போதாவிட்டால் வேக எண்ணைப் பாதியாக்கி வரிசைகளை இரட்டிப்பாக்குங்கள். ஒரே ஒரு காந்தாரத்துக்கு ஒரு மாலைப்பொழுது போகும்.

அப்படி உழைக்கும்போது நான் இடறிய ஓரிடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் காரணம் தெரியாமல் நான் பல நாள் திகைத்தேன். சி-யில் ஸட்ஜம் வைத்து எழுதிய மெட்டில் தைவதத்தை அசைத்தபோதெல்லாம் சொடக்குப் போடுவது போன்ற ஓர் ஓசை கேட்டது. மற்ற சுரங்களில் இல்லை. காரணம் சில்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. துடிப்புக் குரலின் சுருதியைச் சில்லு ஒரு 11 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. அதன் அதிர்வெண், ஏறத்தாழ 17,89,773ஐ அந்த எண்ணோடு ஒன்று கூட்டிப் பதினாறால் பெருக்கிய தொகையால் வகுத்தால் வரும். நொடிக்கு 440 அதிர்வுகள் உள்ள ஏ சுரத்துக்கு அந்த எண் 253. இந்த எண் இரண்டு பகுதிகளாக எழுதப்படுகிறது. 255க்கு மேல் போனால் மேற்பகுதியும் மாற வேண்டும். மேற்பகுதியில் எழுதும் ஒவ்வொரு முறையும் சில்லு அலையை முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த வெட்டுத்தான் சொடக்கு. 253இலிருந்து 256க்கு மூன்றே படிகள். ஆகவே நான் தைவதத்தை அசைத்தபோதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டித் தாண்டித் திரும்பியிருக்கிறேன்.

தீர்வு நம் இசையிலேயே இருந்தது. சுருதியை இரண்டு அரைச்சுரம் ஏற்றி, ஸட்ஜத்தை டி-யில் வைத்தால், அந்தத் தொல்லைமிக்க ஏ பஞ்சமமாகிவிடும். பஞ்சமம் அசையாச் சுரம். அதைக் கம்பிக்க வேண்டிய தேவையே எழாது. தைவதம் பி-க்கு நகர்ந்து எல்லையிலிருந்து தப்பிவிடும். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவில் ஏறும்போது ஒரே ஒரு சொடக்கு கேட்கும், அது வீணையின் மெட்டைத் தாண்டும் விரலோசை போல எனக்கு இனிக்கவே செய்கிறது. முக்கோணக் குரலுக்கு இந்தக் குறை கிடையாது. நீண்ட கமகங்களை அதற்குக் கொடுத்துவிடலாம், ஒலியளவை மாற்ற முடியாது என்பதை நினைவில் கொண்டு.

ஏழாம் படி: உண்மையான பெட்டி

மென்பொருளில் கேட்டதை உண்மையான சில்லில் கேட்க விரும்புவது இயல்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் தூணுக்கும் பீங்கானுக்கும் வருகிறார்கள். நான் பழைய மின்பொருள் குவியலைக் கிளறப் போவேன். டிவி கேம் பெட்டி கிடைத்தால் உடனே மின்சாரத்தில் செருகாதீர்கள். மின்தேக்கிகள் உப்பியோ கசிந்தோ உள்ளனவா என்று பாருங்கள். பழைய அடாப்டரை நம்பாமல், வெளிவரும் மின்னழுத்தத்தை மீட்டரில் அளந்த பின்னரே இணையுங்கள். எமுலேட்டரிலும் உண்மைச் சில்லிலும் ஓடக்கூடிய வடிவில் டிராக்கர் உங்கள் இசையை ஏற்றுமதி செய்யும். அதை மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய கேசட்டில் ஏற்றிப் பெட்டியில் செருகலாம்.

மேடையில் வாசிக்க விரும்புவோர் உலகெங்கும் நாடுவது 1989இல் வந்த கேம் பாய். இரண்டு துடிப்பு, ஒரு வரைந்துகொள்ளும் அலை, ஓர் இரைச்சல் என நான்கு குரல்கள் அதில் உண்டு. அந்த அலையை 32 புள்ளிகளில் நாமே வரையலாம். 1998இல் ஜெர்மனியின் ஒலிவர் விட்ச்சோ நானோலூப் என்ற கேசட்டையும், 2000இல் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜே என்ற டிராக்கரையும் அதற்காக உருவாக்கினார்கள். கைக்கு அடக்கமான விளையாட்டுப் பொருள் கச்சேரி வாத்தியமானது அப்போதுதான். பழைய சாம்பல் நிறக் கேம் பாயின் ஒலியை உட்பெருக்கிக்கு முன்பே எடுத்து வெளியே கொடுக்கும் சிறு மாற்றத்தையும் பலர் செய்துகொள்கிறார்கள். இரைச்சல் குறையும், கீழ்ச்சுரம் தடிக்கும்.

இவ்வளவும் வேண்டாம், ஒரு சில்லு பாடுவதைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு யுஎம்66 இருக்கிறது. மின்பொருள் கடையில் கேளுங்கள். இரண்டு பென்சில் செல்களின் 3 வோல்ட், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு ஸ்பீக்கர் ஆகியவற்றோடு இணைத்தால் பாடும். 4.5 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிடக் கூடாது. எந்த மெட்டு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஆலையிலேயே எழுதி வந்துவிடும்.

எட்டாம் படி: கூட்டத்தில் சேர்தல்

இந்தக் கலையின் பண்பாடு திருட்டில் தொடங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980களில் ஐரோப்பாவில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பரப்பிய இளைஞர்கள், தங்கள் பெயரை அறிவிக்க விளையாட்டின் முன்னே ஒரு சிறு அசைபடத்தையும் இசையையும் ஒட்டினார்கள். காலப்போக்கில் விளையாட்டைவிட அந்த முன்னுரையே முக்கியமாகி, டெமோசீன் என்ற தனிக் கலையாக வளர்ந்தது. 1992இல் தொடங்கிய பின்லாந்தின் அசெம்பிளி போன்ற கூடல்கள் அதன் திருவிழாக்கள். பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டு மரபுசார் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. நியூயார்க்கில் 2006இல் தொடங்கிய பிளிப் விழா, கேம் பாய் இசையை நடன மேடைக்குக் கொண்டு சென்றது. கமடோர் 64இன் இசையைத் திரட்டி வைத்திருக்கும் ஹை வோல்டேஜ் சிட் தொகுப்பில் 50,000க்கு மேற்பட்ட பாட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திரட்டி, யார் எழுதியது என்று சரிபார்த்துப் பதிவுசெய்வோர் ஆர்வலர்களே.

அங்கே நிலவும் வழக்கங்கள் சில. பிறர் மெட்டை எடுத்தால் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தச் சில்லுக்கு எழுதினீர்கள் என்று குறிப்பிட வேண்டும். ஐந்து குரல் என்று சொல்லிவிட்டு ஏழு குரல் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். திரைப்பாடல்களைச் சில்லில் வாசித்துப் பழகுவதில் தவறில்லை, ஆனால் வெளியிடும்போது உரிமைச் சிக்கல் வரும். தாலாட்டு, கும்மி, காவடிச்சிந்து மெட்டுகள் போன்ற பொதுச்சொத்து நம்மிடம் கொட்டிக்கிடக்க, அந்தச் சிக்கலுக்குள் போவானேன்?

வெளியிடும்போது ஒலிக்கோப்போடு நிறுத்தாமல், டிராக்கர் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள். டெமோசீனில் பலரும் தொழில் கற்றது பிறர் கோப்புகளைத் திறந்து வரிசை வரிசையாகப் படித்துத்தான். கோப்பில் குறிப்பு எழுதுவதற்கு ஓர் இடமிருக்கும். ராகம், தாளம், ஸட்ஜம் எந்தச் சுரத்தில் என்ற மூன்றையும் அங்கே தமிழில் எழுதி வையுங்கள். ஸட்ஜம் டி-யில் இருப்பதைப் பார்க்கும் யாரேனும் ஒருவர் அதைச் சி-க்கு மாற்றிப் பார்ப்பார், தைவதத்தில் சொடக்கு கேட்கும், பிறகு தானே மீண்டும் டி-க்கு ஏற்றிக்கொள்வார்.